ஆத்துப்பக்கத்துப் பங்கு

அந்தப் பெஞ்சுல உக்காராத தாயி, இப்பத்தான் தண்ணி ஊத்திக் கழுவிட்டுப் போனாய்ங்க, ஈரம் துணியில ஏறிக்கிரும். இங்கிட்டு வா. நான் தள்ளி உக்காந்துக்கிறேன். தெனம் நான் உக்கார்ற எடம் இது, யாருக்கும் குடுக்க மாட்டேன். உன்னப் பாத்தா வெளியூரு மாதிரி தெரியுது, அதான்.

ஆத்தங்கரையப் பாக்க வந்தியாக்கும். எல்லாரும் அதுக்குத்தான் வர்றாய்ங்க. வைகைக்குக் கரை கட்டி, கம்பி போட்டு, லைட்டு போட்டு, என்னமோ வெளிநாடு மாதிரி ஆக்கிட்டாய்ங்கன்னு போட்டோ போட்டோவா எடுத்துத் தள்ளுறாய்ங்க. நல்லாத்தான் இருக்கு. நல்லா இல்லேன்னு நான் சொல்லல, எனக்கென்ன கண்ணவிஞ்சா போச்சு? ஆனா இத நல்லாருக்குன்னு வாயால சொல்லும்போது வயித்துக்குள்ள ஒண்ணு திகுதிகுன்னு எரியுது பாரு, அது உனக்குத் தெரியாது.

அந்தா தெரியுதா, பச்சப் பெயிண்டு அடிச்ச வீடு, வாசல்ல கூட்டமா நிக்கிதே. பருத்திப்பால் கடை. அது என் ஓரகத்தி ராக்கு வீடு. எங்க வீட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி. நான் அவளப் பாத்துப் பொறாமப்படுறேன்னு எங்க தெருவே சொல்லுது. எனக்கெதுக்குப் பொறாம? அவகிட்ட இருக்கறதெல்லாம் என்னோடது. என் வாசல எடுத்துக்கிட்டா, இப்ப என் புருசனையும் எடுத்துக்கிட்டா. சீ, தப்பா நெனைக்காத, அந்த மாதிரி இல்ல. சொல்றேன் கேளு. உனக்கு அவசரமில்லையே?

எங்க மாமனாரு வீடு நீளமான வீடு. தெருவுல வாசல், ஆத்துல கொல்லை. தெருவுல நொழைஞ்சா பட்டாசாலை, ரெண்டு ரூமு, அப்பறம் அடுப்படி, மாட்டுக்கொட்டம், கெணறு, கடைசியில கொல்லக்கதவு. கதவத் தெறந்தா ஆறு. ஆறுன்னா நீ இப்பப் பாக்குற ஆறில்ல. ஊருச் சாக்கடை பூரா அங்கதான் விழும், பன்னி மேயும், கொசு வந்து ஆளையே தூக்கிட்டுப் போயிரும். குப்பை கொட்ட மட்டும் அந்தக் கதவத் தெறப்போம், கொட்டுன கையோட சாத்திருவோம். இந்த வரிசையில எல்லா வீடும் அப்படித்தான்.

ஆத்தச் சரி பண்ணப் போறோம், சரி பண்ணப் போறோம்னு நான் கல்யாணமாகி வந்தப்பவே சொல்லிக்கிட்டுத்தான் இருந்தாய்ங்க. ஒரு கச்சி கரையோட ரோடு போடுவோம்னு சொல்லும். இன்னொரு கச்சி, ரோடு போட்டா ஆறு செத்துப்போகும், பூங்காதான் வேணும்னு உண்ணாவெரதம் இருக்கும். அஞ்சு வருசம் கழிச்சுப் பாத்தா பூங்கான்னவன் ரோடுங்கிறான், ரோடுன்னவன் பூங்காங்கிறான். நடுவுல கோர்ட்டுல கேசு. அளக்க வருவாய்ங்க, சொவத்துல செவப்புப் பெயிண்டுல நம்பர் எழுதிட்டுப் போவாய்ங்க, மழையில அழிஞ்சுபோகும், திரும்பவும் அளக்க வருவாய்ங்க. எங்க கொல்லைக்குப் பின்னால மட்டும் மூணு தடவ அடிக்கல் நாட்டிட்டாய்ங்க. அதுல ஒரு கல்லு நல்லா வழவழன்னு இருக்கும். பின்னால ராக்கு அதுலதான் துணி தொவச்சா, மந்திரி பேருல சோப்புப் போட்டு.

மாமனாரு கண்ண மூடுன வருசம் பாகம் பிரிக்கணும்னு வந்துச்சு. எங்க பக்கம் ஒரு மொற உண்டு தாயி. மூத்தவன் பங்கு பிரிக்கணும், எளையவன் மொதல்ல எடுக்கணும். பிரிக்கிறவன் ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்புன்னு வைக்கக்கூடாதுல்ல, அதுக்குத்தான். மோசமான பங்குன்னு ஒண்ணு பண்ணி வச்சான்னா அது அவன் தலையிலதான் வந்து விழும்.

எங்க வீட்டுக்காரரு வெள்ளந்தி. தம்பின்னா உசுரு. குறுக்க ஒரு கோட்டப் போட்டாரு, தெருப்பக்கம் ஒண்ணு, ஆத்துப்பக்கம் ஒண்ணு, ரெண்டும் ஒரே அளவு, முடிஞ்சு போச்சுன்னுட்டாரு. அளவு ஒண்ணுதான். ஆனா ஒண்ணு தெரு, ஒண்ணு சாக்கடை. எவனாவது சாக்கடைய எடுப்பானா? என் கொழுந்தன் தெருப்பக்கத்தத்தான் கேக்கப்போறாரு. அப்ப நான் கைப்பிள்ளையத் தூக்கிக்கிட்டுப் பன்னியோட குடித்தனம் நடத்தணுமா? நீயே சொல்லு. இந்த மனுசன்கிட்டச் சொன்னா, என் தம்பி எத எடுத்தாலும் எனக்குச் சம்மதம்ங்கிறாரு. இவரு சம்மதத்த எவ கேட்டா?

அதனால ராக்குகிட்ட ஒரு வார்த்த சொன்னேன். ஒரே வார்த்த. கெணத்தடியில ரெண்டு பேரும் உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தோம். அவ கல்யாணமாகி வந்து வருசங்கூடத் திரும்பல, வயித்துல பிள்ள வேற. அந்த வாரந்தான் ஒரு மந்திரி வந்து அடிக்கல் போட்டுட்டுப் போயிருந்தாரு, பந்தலக்கூட இன்னும் பிரிக்கல. நான் சொன்னேன், "ராக்கு, ரெண்டே வருசம். ஆத்தச் சுத்தம் பண்ணி, கரை கட்டி, லைட்டு போட்டு, படகு விடப் போறாய்ங்க. அப்பறம் ஆத்துப்பக்கந்தான் வாசல், தெருப்பக்கம் கொல்லையாயிரும். கெணறும் அந்தப் பங்குலதான் வருது. நான் மூத்தவ, எனக்கு மொதல்ல கேக்க வழியில்ல. உனக்கு இருக்கு, கேட்டுக்க."

இதுல என்ன தப்பு? மந்திரி மைக்கப் பிடிச்சு ஊரறியச் சொன்னதத்தான நான் சொன்னேன்? பொய்யா சொன்னேன்? அவ வெங்காயத்தக் கீழ வச்சுட்டு, நெசமாவாக்கான்னு கேட்டா. நெசம்னேன். எம்மேல அம்புட்டுப் பாசமா இருக்கீங்கக்கான்னு கையப் பிடிச்சுக்கிட்டா. சின்னப் பிள்ள. எனக்கும் அவமேல பாசந்தான், இல்லேன்னா சொல்லு.

மறுநா சபையில எங்க வீட்டுக்காரரோட தாய்மாமா, சீனிச்சாமி மாமா, நடுவுல உக்காந்து கொழுந்தன்கிட்ட, அழகுராசா, உனக்கு எந்தப் பக்கம்டான்னு கேட்டாரு. அவரு பொண்டாட்டியத் திரும்பிப் பாத்தாரு. ஆத்துப்பக்கம்னாரு. மாமாவுக்குக் காதுல விழுந்தத நம்ப முடியல, திருப்பித் திருப்பிக் கேட்டாரு. ஆத்துப்பக்கம், ஆத்துப்பக்கம்னே சொன்னாரு. எங்க வீட்டுக்காரரு அங்கயே அழுதுட்டாரு. எனக்காகத் தம்பி தெருப்பக்கத்த விட்டுக் குடுத்துட்டான் பாருங்கன்னு எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னாரு. அன்னைக்கிருந்து கல்யாண வீடு, எழவு வீடு, டீக்கடை எங்க போனாலும் இதே பேச்சுத்தான். தம்பி விட்டுக் குடுத்தான், தம்பி விட்டுக் குடுத்தான். விட்டுக் குடுத்தானாம்! நான் பேசி எடுத்தது தாயி அது. என் வாயால வாங்குன வாசல். அதுக்குப் பேர அவரு வாங்கிக்கிட்டாரு.

சரி, போகட்டும். பிரிச்சதுக்கப்பறம் அவுக தெருவுக்கு வரணும்னா எங்க பட்டாசாலை ஓரமாத்தான் வரணும். ஈரக்காலோட வருவா, குடத்தோட வருவா, பிள்ளையத் தூக்கிக்கிட்டு வருவா, எங்க வீட்டுக்கு விருந்தாளி வந்துருக்கறப்பப் பாத்துக் கொல்லையிலருந்து கோழி வரும். பொறுத்துப் பொறுத்துப் பாத்தேன். அப்பறம் குறுக்கச் சொவரு வச்சுட்டேன். திடுதிப்புன்னு வைக்கல, மொறையா கேட்டுட்டுத்தான் வச்சேன். அதான் உனக்கு ஆத்துப்பக்கம் வழி இருக்கேன்னேன். வழி இருக்கத்தான் செஞ்சுச்சு. சாக்கடை ஓரமா நடந்து, பாலத்தடியில ஏறி, தெருமுக்குக்கு வரலாம். அவ ரெண்டு பிள்ளைகளும் அப்படித்தான் மூக்கப் பொத்திக்கிட்டுப் பள்ளிக்கூடம் போச்சுக. நல்லாத்தான் படிச்சுச்சுக. ஒருதடவ வெள்ளம் வந்து அவுக வீட்டுக்குள்ள தண்ணி ஏறிருச்சு. சொவத்துக்கு இங்கிட்டு நின்னு நான்தான் சத்தம் போட்டேன், மொட்டமாடிக்குப் போங்க, மொட்டமாடிக்குப் போங்கன்னு. அந்த நன்றிகூட அவளுக்கு இல்ல.

சொவத்துக்கு மேல எட்டிப் பாத்து சில சமயம் வேடிக்கையாக் கேப்பேன், என்ன ராக்கு, படகு வந்துருச்சான்னு. வேடிக்கைக்குத்தான். ஓரகத்திக்குள்ள இது கூட இல்லாட்டி எப்படி? அவ அந்த அடிக்கல்லுல துணிய அடிச்சுக்கிட்டே, வரும்க்கான்னு சொல்லுவா. கோவமும் படமாட்டா. அந்தக் கோவப்படாத மூஞ்சியப் பாத்தாலே எனக்கு ஒருமாதிரி வரும். மனுசின்னா கொஞ்சமாவது ரோசம் வேணாமா?

அப்படியே ஓடிப்போச்சு, இருவத்தஞ்சு வருசத்துக்கு மேல. ரெண்டு கச்சியும் மாறி மாறி வந்து ஆத்தப் பத்திப் பேசிப் பேசியே போஸ்டரு ஒட்டுறதுக்குச் சொவரு இல்லாமப் போச்சு. ஆத்தப் பத்திப் பேச்செடுத்தாலே சனம் சிரிக்கும். அப்பப் பாத்து ஒருநா காலையில பொக்லைன் வந்து நிக்கிது. நாங்க நம்பல. அடிக்கல் போடத்தான் வந்துருக்காய்ங்கன்னு நெனச்சோம். மந்திரியும் வரல, பந்தலும் போடல, நேரா தோண்டுறாய்ங்க. சாக்கடையப் பூரா குழாயில திருப்பி விட்டாய்ங்க. கருவேல மரத்த வேரோட பிடுங்குனாய்ங்க. கரை கட்டுனாய்ங்க. நான் தெனம் மாடியில நின்னு பாப்பேன். இன்னைக்கு நிறுத்திருவாய்ங்க, நாளைக்கு எவனாவது ஸ்டே வாங்கிருவான்னு. வேண்டிக்கிட்டேன்னு வச்சுக்கயேன். எந்தச் சாமியும் கேக்கல.

இப்பப் பாரு. அவ வீட்டு வாசல்லருந்து எறங்குனா ஆறு, காத்து, பூங்கா. காலையில நடக்க வர்றவுகளுக்குக் கம்மங்கூழு, சாயங்காலம் பருத்திப்பால். டாக்டரு, வக்கீலு, கார்ல வர்றவுக எல்லாம் அவ கையில டம்ளர் வாங்கக் காத்து நிக்கிறாக. ஆத்து வீடு, ஆத்து வீடுன்னே அதுக்குப் பேரு விழுந்துருச்சு. என் பக்கம் எப்படி இருக்குங்கிற? ஆத்தங்கரையில குப்பைத் தொட்டி வச்சா அசிங்கமா இருக்கும்னு எல்லாத் தொட்டியையும் தூக்கி எங்க தெருவுல வச்சுட்டாய்ங்க. குப்பை வண்டி எங்க வாசல்லதான் நிக்கிது. முன்ரூம்ல வாடகைக்கு இருந்த தையக்காரரு, நாத்தம் தாங்கலம்மான்னு காலி பண்ணிட்டுப் போயிட்டாரு. பஸ்ஸையும் வேற தெருவுல திருப்பி விட்டாய்ங்க. நான் சொன்ன மாதிரியே ஆச்சு தாயி. ஆத்துப்பக்கம் வாசலாயிருச்சு, தெருப்பக்கம் கொல்லையாயிருச்சு. ஊருல ஒருத்தனும் நம்பாதப்பச் சொன்னவ நான். அப்ப யாருக்கு அது சேரணும்?

போன மாசம் ஒரு சொந்தக்காரவுக கல்யாணப் பத்திரிக்கை வைக்க வந்தாக. பத்திரிக்கை மூத்த வீட்டுக்குத்தான் மொதல்ல வைக்கணும், அதுதான் மொற. கரையோட நடந்து வந்தவுக அவ வீட்டுல உக்காந்து, கூழக் குடிச்சு, தாம்பாளத்துல வச்சு அவகிட்டக் குடுத்துட்டு, அப்பறமா சுத்தி எங்க வீட்டுக்கு வந்தாக. வந்து மூக்கப் பொத்திக்கிட்டு நின்னாக. வாழைப்பழம்கூட அவ வீட்டுலயே தீந்துபோச்சு. அன்னைக்கு நான் சோறு திங்கல.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கிருவேன். இந்த மனுசன் செஞ்சதுதான் பொறுக்கல. மில்லுல ரிட்டயர் ஆனதுலருந்து வாசல்ல சேரப் போட்டு உக்காந்திருப்பாரு. அங்க என்ன இருக்கு, குப்பை வண்டியப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. ஒருநா, சும்மா ஆத்துப்பக்கம் நடந்துட்டு வர்றேன்னு போனாரு. தெருமுக்கு போயி, பாலத்தடியில எறங்கி, சுத்திப் போகணும். மில்லுப் பஞ்சத் தின்ன நெஞ்சு, மூச்சு வாங்கும். அப்படியும் போனாரு. மறுநாளும் போனாரு. அப்பறம் தெனமும் போனாரு. அண்ணனும் தம்பியும் கரையில உக்காந்து பேச்சு, பேச்சு, அப்படி ஒரு பேச்சு. பொழுது சாஞ்சு வருவாரு. சோத்தப் போடுவேன். சாப்பிட்டேன்பாரு. என்ன சாப்பிட்டீகன்னு கேட்டா, ராக்கு கத்திரிக்கா வதக்கிருந்தா, நல்லாருந்துச்சுங்கிறாரு. நல்லாருந்துச்சாம். நான் எத்தன வருசமா கத்திரிக்கா வதக்குறேன், ஒருநா, ஒரே ஒருநா, இந்தாளு வாயிலருந்து அந்த வார்த்த வந்துருக்கும்னா என் பேர மாத்திக்கிறேன். அன்னைக்குச் சட்டியோட தூக்கிக் குப்பைத் தொட்டியில போட்டேன். தொட்டிதான் வாசல்லயே இருக்கே.

அதுக்கப்பறம்தான் சீனிச்சாமி மாமாவக் கூப்பிட்டு விட்டேன். பாகம் சரியில்ல, மறுபடி பிரிக்கணும்னு. மாமாவுக்கு இப்பக் காது கேக்காது. அவ வீட்டு வாசல்லதான் உக்காந்தோம், அங்கதான காத்து வருது. நான் கத்திக் கத்திச் சொல்றேன், நடக்கப் போறவுக எல்லாம் நின்னு வேடிக்க பாக்குறாக. மாமா, யாரு பிரிச்சதுன்னு கேட்டாரு. நாங்கதான்னேன். யாரு மொதல்ல எடுத்ததுன்னாரு. அவுகதான்னேன். அப்பறம் என்னத்துக்குத்தா என்னைய வெயில்ல வரச் சொன்னேன்னாரு. அப்ப மாத்திக்கிருவோம்னேன். இத்தன வருசம் அவுக ஒரு பக்கம் இருந்தாக, நாங்க ஒரு பக்கம் இருந்தோம், இனிமே இருக்குற காலத்துக்கு அவுக தெருப்பக்கம் வரட்டும், நாங்க ஆத்துப்பக்கம் போறோம். இது நியாயந்தான? எனக்கு நியாயமாத்தான் பட்டுச்சு.

அப்ப வாயத் தெறந்தாரு இந்த மனுசன். "வேணாம் மாமா. என் தம்பி எனக்காக ஒருதடவ விட்டுக் குடுத்தது போதும்."

எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு, அவரு ஒண்ணும் விட்டுக் குடுக்கல, நான் பேசி விட்டுக் குடுக்க வச்சேன்னு. கடிச்சு உள்ள தள்ளிட்டேன். என் தலையெழுத்தப் பாரு, நான் செஞ்ச காரியத்த நானே வாயத் தெறந்து சொல்ல முடியல.

ராக்கு அதுவரைக்கும் டம்ளர் கழுவிக்கிட்டுத்தான் நின்னா. முந்தானையில கையத் தொடச்சுக்கிட்டு வந்தா. "வீட்ட எதுக்குக்கா மாத்தணும்? அந்தச் சொவத்துல ஒரு கதவு வச்சுக்கிருவோம். பெரியவுக சுத்தி நடந்து வர மூச்சு வாங்குது. நீங்களும் எந்நேரமும் வந்து போகலாம்" அப்படின்னா. அத்தோட நிறுத்தியிருக்கலாம்ல? நிறுத்தல. "இந்தப் பக்கம் ஒருநா வாசலாகும்னு நீங்கதானக்கா அன்னைக்குச் சொன்னீங்க. இவுக தெருப்பக்கத்தக் கேக்கலாம்னுதான் சொன்னாக. நான்தான் அக்கா சொல்லியிருக்காகன்னு மாத்திச் சொல்ல வச்சேன். உங்க வாக்க நம்பித்தான் இம்புட்டு வருசமும் இங்க இருந்தேன்."

நான் அவ மூஞ்சிய உத்துப் பாத்தேன். குத்திக் காட்டுறாளா, இல்ல நெசமாவே நன்றியாச் சொல்றாளா? ஒண்ணும் தெரியல. துணி தொவச்சப்ப இருந்த அதே மூஞ்சி. இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல தாயி. தெரிஞ்சாலாவது நிம்மதியாச் சண்ட போடலாம்.

எங்க வீட்டுக்காரரு எம்பக்கம் திரும்பி, நீ சொன்னியா, எப்பன்னு கேட்டாரு. வெங்காயம் உரிக்கிறப்ப என்னமோ பேசிக்கிட்டிருந்தோம், எனக்கெங்க ஞாபகம்னேன். அவரு அங்கிட்டுத் திரும்பி ஆத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. கொழுந்தன் அவரு தோள்ல கையப் போட்டாரு. அவரு அந்தக் கைய எடுத்து மடியில வச்சுக்கிட்டாரு. அறுவது வயசு ஆம்பளைக ரெண்டு பேரு, ரோட்டுல போறவுக பாக்க. எனக்கு வெக்கமாப் போச்சு. அன்னையிலருந்து தம்பி விட்டுக் குடுத்தான்ங்கிற பேச்ச அவரு எடுக்கவே இல்ல. எங்கிட்டயும் பேச்சு இல்ல. சோறு, தண்ணி, லைட்ட அமத்து, அம்புட்டுத்தான்.

சரி, கதவு வச்சாச்சு. சொவத்த இடிச்சு, நெல நிறுத்தி, ஆசாரி வந்து மாட்டுனாரு. எங்க பக்கம் நல்ல கனமான தாப்பாவாப் போடச் சொன்னேன். போட்டாரு. மறுநா காலையில எங்க வீட்டுக்காரரு எந்திரிச்சதும் நேரா அந்தக் கதவு வழியாப் போனாரு. காப்பி அங்க. பேப்பரு அங்க. நான் இங்கிட்டு அடுப்படியில நிக்கிறேன், அங்கிட்டு அவரு சிரிக்கிறது கேக்குது. நல்லா வாய்விட்டுச் சிரிக்கிறாரு. இந்த மனுசனுக்கு இப்படிச் சிரிக்கத் தெரியும்ங்கிறதே எனக்கு மறந்துபோச்சு. ராக்கு என்னமோ சொல்றா, திரும்பவும் சிரிக்கிறாரு. அந்தச் சொவரு இருந்த வரைக்கும் இதெல்லாம் கேக்கல பாரு. தெனம் இப்படியே நடந்தா ஒருத்தி எம்புட்டுத்தான் தாங்குவா? ஒருநா சாயங்காலம் போயி தாப்பாவப் போட்டுட்டேன்.

தட்டுவாருன்னு நெனச்சேன். தட்டுனா, என்ன, அங்கயே இருந்துக்க வேண்டியதுதானன்னு ரெண்டு வார்த்த கேட்டுட்டுத் தெறந்துருப்பேன். அந்த ரெண்டு வார்த்தையக்கூடத் தயாரா வச்சிருந்தேன். தட்டல. கதவத் தள்ளிப் பாத்த சத்தம் ஒருதடவ கேட்டுச்சு. அவ்வளவுதான். சுத்தி தெரு வழியாவும் வரல. கொழுந்தன் வீட்டுல கட்டில் போட்டுக் குடுத்துட்டாக.

இன்னொண்ணு கேளு. அவுக பக்கமும் தாப்பா இருக்கும்ல, அவளும் போட்டு வச்சிருப்பாளோன்னு சந்தேகம். ஆசாரியக் கூப்பிட்டுக் கேட்டேன். அந்தம்மா தங்க பக்கம் தாப்பாவே வேணாம்னுட்டாங்கம்மான்னாரு. எதுக்காம்? அக்கா எப்ப வந்தாலும் கதவு தெறந்திருக்கணும்னாங்கன்னாரு. திமிரப் பாத்தியா? என்னைய மட்டும் தாப்பா போடுறவளாக் காட்டணும்னு எம்புட்டு யோசனை! ஊரு கேட்டா என்ன சொல்லும்? சாத்துனவ நான்னுதான சொல்லும்.

பிள்ளையும் வேலைக்கு வெளியூரு போயிருச்சு, வீட்டுல ஒத்தையா உக்காந்து காதக் குடுத்துக்கிட்டே இருந்தேன், எப்பத் தட்டுவாருன்னு. குப்பை வண்டிச் சத்தந்தான் கேட்டுச்சு. அதான் இப்பச் சாயங்காலமான இங்க வந்து உக்காந்துக்கிறது. எனக்கும் ஆறு பொதுதான? யாரும் வேணாம்னு சொல்ல முடியாதுல்ல. இங்கருந்து பாத்தா அவ வாசல் நல்லாத் தெரியும், அங்கருந்து பாத்தா இந்தத் தூணு மறைச்சுக்கிரும்.

அந்தா, நீலச் சட்ட போட்டு, செவப்புச் சேர்ல, காலக் கம்பி மேல தூக்கி வச்சு உக்காந்திருக்காருல்ல. அவருதான். மெலிஞ்சு தெரியுறாரா? எனக்கு அப்படித் தெரியுது. உனக்கெங்க தெரியும், நீ முன்னாடி பாத்ததில்லையே. பக்கத்துல இருக்குறது கொழுந்தன். அந்தா, சிரிக்கிறாரு பாரு.

என்ன, கெளம்பிட்டியா? பருத்திப்பால் குடிக்கப் போறியா? போ, போ. நல்லாத்தான் இருக்கும், அவ கைக்கு எல்லாம் நல்லாத்தான் வரும். நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.

இரு தாயி, ஒரு நிமிசம். போறதுதான் போற. இந்தா, முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கேன், அவிழ்த்துத் தர்றேன். மாத்திர. அவருக்குச் சர்க்கர இருக்கு. சட்டப்பையில அவரு வச்சிருந்த அட்ட இன்னைக்குக் காலையோட தீந்திருக்கும், வாங்கி வைக்கிறவ நான், எனக்குத் தெரியாதா? அவரா கேக்க மாட்டாரு, யாருகிட்டயும் கேக்க மாட்டாரு, அப்படியே இருந்துருவாரு. ராத்திரி சோத்துக்கு முன்னாடி ஒண்ணு போடணும். கீழ கெடந்துச்சு, உங்களுதான்னு கேட்டுக் குடு. நான் குடுத்தேன்னு சொல்லாத.

ராக்கு எந்திரிச்சு வந்து கைய நீட்டுவா. அவகிட்டக் குடுத்துராத. அவரு கையிலயே குடு.